உரோமர் நீர்வழிகளும் உடுவிற் கிணறுகளும்

நீர் உள்ள இடத்தில் ஊர் அமைத்தல் எவர்க்கும் எளிது. ஊர் உள்ள இடத்துக்கு நீரைக் கொண்டுவருதல் அரிது. அவ்வரிய செயலைச் செய்து முடித்த மக்களுள் உரோமர் தலைசிறந்தவர் என்று மேல்நாட்டுச் சரித்திர நூல்கள் கூறும். மிசன் பாடசாலையிலே நாம் கற்ற காலத்தில், எமது சரித்திர நூலில் ஒரு படம் இருந்தது. ஆற்றின் குறுக்கே மூன்று அடுக்காக எழுந்து நிற்கும் கல் வளைவுகள். அவற்றின் உச்சியிலே ஒரு வாய்க்கால். பிரான்சு தேசத்திலே இன்றும் நிலைத்து நிற்கும் உரோமர் காலத்து நீர்ப்பாலம் அது. அதன் உயரம் ஏறக்குறைய 160 அடி என்று ஆசிரியர் சொன்னபோது வகுப்பு முழுவதும் வாய்பிளந்து இருந்தது. எம்முள் ஒருவர் எழுந்து, "சேர், எங்கட ஊரில் இப்படி ஒன்றும் இல்லையோ?" என்று கேட்டார். ஆசிரியர் சிரித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்" என்றார்.

அன்று அவ்விடை எமக்குப் பகிடியாகவே பட்டது. பல்கலைக்கழகம் புகுந்து சரித்திரத்தைச் சிறிது விரிவாகக் கற்கத் தொடங்கிய பின்னரே அதன் பொருள் விளங்கிற்று. அவ்விளக்கத்தை எமது சங்கத்து இளைஞரோடும் பெரியோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கந்தரோடையும் உரோமும்

உரோமரைப் பற்றிப் பேசுதல் உடுவிலில் இருப்போர்க்கு அந்நியமான பேச்சன்று. எமது அயலிலேயே கந்தரோடை உள்ளது. 1917 ஆம் ஆண்டு தொடக்கம் போல் ஈ. பீரிஸ் அவர்கள் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். பின்னர் 1970 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையைச் சேர்ந்த அறிஞர்கள் அங்கே அகழ்வு நடத்தினர். இந்தியாவின் பழைய முத்திரை நாணயங்களும், உரோம நாணயங்களும், கடல்வழி வாணிகத்தைக் காட்டும் மட்கலத் துண்டுகளும் அம்மண்ணிலிருந்து கிடைத்தன. வழுக்கையாற்றின் ஓரத்திலே அன்று ஒரு பெரிய குடியிருப்பு இருந்ததென்பதும், அது வெளியுலகோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்ததென்பதும் இவற்றால் விளங்கும்.

மூத்த பிளினி என்னும் உரோம ஆசிரியர், கிளோடியசுப் பேரரசன் காலத்தில் இலங்கைத் தீவிலிருந்து தூதர் நால்வர் உரோமுக்குச் சென்றனர் என எழுதி வைத்துள்ளார். கிளோடியசு ஆண்டது கி. பி. 41 முதல் 54 வரை. அவன் பெயர் தாங்கிய நீர்வழி, அவனுக்கு முந்திய பேரரசனால் கி. பி. 38 இல் தொடங்கப்பட்டு, 52 இல் அவனாலேயே நிறைவேற்றப்பட்டது. ஆகவே எம் தீவின் தூதர் உரோமை அடைந்த காலத்தில், ஒன்றில் அந்நீர்வழி கட்டப்பட்டுக்கொண்டிருந்தது, அன்றேல் புதிதாக முடிந்திருந்தது. குளமும் கிணறும் கண்டு பழகிய கண்கள், நகரை நோக்கி வானத்திலே நடந்துவரும் ஆற்றைக் கண்டு எவ்வளவு வியந்திருக்கும்!

உரோமர் நீரைக் கொணர்ந்த விதம்

உரோம் நகரின் முதலாவது நீர்வழி கி. மு. 312 இல் அப்பியசு கிளோடியசு என்பவரால் அமைக்கப்பட்டது. அது ஏறக்குறைய 10 மைல் நீளமானது. பெரும்பாலும் நிலத்துக்குக் கீழேயே ஓடியது. கி. மு. 144 இல் தொடங்கப்பட்ட மார்சியா நீர்வழியோ 56 மைலுக்கு மேற்பட்டது. கி. பி. 226 அளவில் நகருக்கு நீர் கொணர்ந்த வழிகள் பதினொன்றாயின.

நீர்வழி என்றதும் வானுயர்ந்த வளைவுகளே எம் மனத்தில் தோன்றும். உண்மை வேறு. இவ்வழிகளின் பெரும்பகுதி நிலத்துள் மறைந்தே சென்றது. மார்சியாவில் நிலத்துக்கு மேலே தெரிந்தது ஏறக்குறைய 7 மைல் மாத்திரமே. பள்ளத்தாக்கைக் கடக்கவேண்டிய இடத்திலும், நகரை அணுகும் தாழ்ந்த வெளியிலும் மட்டுமே வளைவுகள் எழுப்பப்பட்டன.

அவர்களிடம் நீரை மேலேற்றும் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. நீரைத் தள்ளியது பூமியின் ஈர்ப்பு ஒன்றே. ஆகவே மலையூற்றிலிருந்து நகர்வரை வாய்க்கால் இடைவிடாது சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டே வரவேண்டும். சரிவு கூடினால் நீர் வேகங்கொண்டு கட்டடத்தை அரிக்கும். குறைந்தால் தேங்கிச் சேறு படியும். முற்கூறிய பிரான்சு தேசத்துப் பாலத்தின் மேற்சென்ற நீர்வழி ஏறக்குறைய 31 மைல் நீளமானது. அதன் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள உயர வேற்றுமை 41 அடி அளவேயாகும். அஃதாவது சராசரி மைலுக்கு 16 அங்குலம். மலையும் பள்ளமும் நிறைந்த நாட்டிலே இவ்வளவு நுண்ணிய சரிவை எவ்வாறு பிடித்தனர்? இருபது அடி நீளமான மரப்பலகை ஒன்றைக் கால்களின்மேல் நிறுத்தி, இரு முனைகளிலும் தூக்குநூல் தொங்கவிட்டனர். காற்று அடித்து நூல் ஆடினால், பலகையின் மேற்புறத்தில் வெட்டிய பள்ளத்தில் நீர் வார்த்து மட்டம் பார்த்தனர். இக்கருவியை விற்றுரூவியசு என்னும் கட்டடக் கலைஞர் தம் நூலில் விளக்கியுள்ளார். எமது மேசன்மார் இறப்பர்க் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பிடிப்பதைக் கண்டோர்க்கு இதன் தத்துவம் புதியதன்று.

வாய்க்காலின் உட்புறத்துக்குச் சுண்ணாம்பையும் இடித்த ஓட்டுத் தூளையும் கலந்து பூசினர். அப்பூச்சு நீரைக் கசியவிடாது. மேலே கல் மூடி இட்டனர். இடையிடையே ஆள் இறங்கிச் சுத்தஞ் செய்வதற்குக் கிணறு போன்ற வாயில்கள் வைத்தனர். நகரை அடையுமுன் நீர் ஒரு தொட்டியிலே தங்கும். மண்ணும் மணலும் அடியிற் படிய, தெளிந்த நீர் மேற்செல்லும். பின்பு பங்கீட்டுத் தொட்டியை அடையும். அத்தொட்டியை மூன்று அறையாகப் பிரிக்குமாறு விற்றுரூவியசு வகுத்தார். ஒன்று பொதுமக்கள் நீர் அள்ளும் தொட்டிகளுக்கு. ஒன்று பொது நீராடு மண்டபங்களுக்கு. ஒன்று தனியார் வீடுகளுக்கு. பக்கத்து அறைகள் இரண்டிலும் மிகுந்த நீர் நடுவேயுள்ள பொதுமக்கள் அறைக்கே வழிந்து சேரவேண்டும் என்பது அவர் விதி. நீர் பங்கிடுதலில் அறம் உண்டு என்பதை அப்பழைய கட்டடக் கலைஞர் உணர்ந்திருந்தார்.

தொட்டியிலிருந்து வீடுகளுக்கு ஈயக் குழாய்கள் சென்றன. ஈயத்தைத் தகடாக வார்த்து, வளைத்து, பொருத்தி ஒட்டினர். ஈயத்துக்கு இலத்தீன் மொழியிலே 'பிளம்பம்' என்று பெயர். இன்று எம் வீடுகளில் குழாய் திருத்த வருபவரைப் 'பிளம்பர்' என்று அழைக்கிறோமே, அச்சொல் ஈராயிரம் ஆண்டைக் கடந்து வந்த சொல்லாகும். ஈயக் குழாய் நீரினும் மட்குழாய் நீரே உடம்புக்கு நல்லது என்று விற்றுரூவியசு அன்றே எச்சரித்தார். ஆயினும் உரோம் நகரின் நீர்வழிகள் பல சுண்ணாம்புக் கல் மலைகளிலிருந்து வந்தமையால், குழாய்களின் உட்புறத்தில் வெண்படிவு ஒன்று படிந்து, ஈயம் நீரிற் கரைவதை ஓரளவு தடுத்தது. அப்படிவை நாம் அறிவோம். உடுவில், சுன்னாகப் பகுதிகளிலே கிணற்றுநீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் நாள்தோறும் படியும் வெள்ளைப் படிவு அதுவேயாம். உரோமன் குடித்ததும் சுண்ணக்கல் நீர்; நாம் குடிப்பதும் சுண்ணக்கல் நீர்.

எம் தீவின் நீர்வழிகள்

உரோமரைப் புகழ்ந்த வாயால் எம் தீவின் முன்னோரையும் புகழாது விடுதல் நன்றன்று. அநுராதபுரத்தில் கி. பி. 455 முதல் 473 வரை ஆண்ட தாதுசேன மன்னன் கலாவெவ என்னும் பெருங்குளத்தைக் கட்டினான். அக்குளத்து நீர் அநுராதபுர நகரின் திசாவெவக்கு ஒரு கால்வாய் வழியாகக் கொணரப்பட்டது. ஜயகங்கை என்றும் யோத எல என்றும் வழங்கும் அக்கால்வாயின் நீளம் 54 மைல். முதல் 17 மைல் தூரத்துக்கு அதன் சரிவு மைலுக்கு 6 அங்குலமே. உரோமர் பிரான்சில் பிடித்த 16 அங்குலச் சரிவோடு இதனை ஒப்பிடுக! நீளத்திலோ மார்சியா நீர்வழிக்கு ஏறக்குறைய நிகரானது.

இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. உரோமர் கல்லைக் கட்டி, பள்ளத்தை நேராகத் தாண்டினர். இங்குள்ளோர் நிலத்தோடு போராடவில்லை. நிலம் வளைந்த வழியே தாமும் வளைந்து சென்றனர். கால்வாயின் தாழ்ந்த பக்கத்துக்கு மட்டுமே கரை கட்டினர். உயர்ந்த பக்கத்தைத் திறந்து விட்டமையால், மழைநீர் வழிந்து கால்வாயில் சேர்ந்தது. போகும் வழியெல்லாம் சிறு குளங்களுக்கும் வயல்களுக்கும் நீர் கிடைத்தது. உரோமரின் வாய்க்கால் நகருக்காக மூடி வைத்த வாய்க்கால். ஜயகங்கை ஊர்தோறும் ஈந்துகொண்டே சென்ற வாய்க்கால்.

பெருங்குளங்களின் கரையின் உட்புறத்தே 'பிசோகொட்டுவ' என்னும் சதுரமான கற்கிடங்கு ஒன்று உண்டு. குளத்து நீர் நேரே மதகிற் பாய்ந்தால் அதன் வேகம் கரையையே உடைத்துவிடும். இக்கிடங்கினுள் அந்த வேகம் தணிந்து, வேண்டிய அளவே வெளியேறும். ஆங்கிலேயர் காலத்து நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909 இல் வெளியிட்ட நூலிலே, ஐரோப்பிய நீர்த்தேக்கங்களின் அடைப்புக் கிணறுகளுக்கு இதுவே முன்னோடி என எடுத்துக் காட்டினார். அநுராதபுரத்து இரட்டைப் பொய்கைக்குச் செல்வோர், நீர் முதலிற் சிறு தொட்டிகளிலே தங்கி, மண் படிந்து, நிலக்கீழ்க் குழாய் வழியாக மகர வாயிலிருந்து பொய்கையுள் விழும்படி அமைத்திருப்பதைக் காணலாம். உரோமரின் தெளிவுத் தொட்டிக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே.

தாதுசேனனின் முடிவைப் பற்றி மகாவம்சத்தின் தொடர்ச்சி கூறும் கதை உருக்கமானது. மகன் காசியப்பன் ஆட்சியைக் கவர்ந்து தந்தையைச் சிறையிட்டான். மறைத்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்டான். தந்தை கலாவெவக்குச் சென்று, நீராடி, அக்குளத்து நீரைக் காட்டி, தன் செல்வமெல்லாம் இதுவே என்றான். மகன் அதைச் செல்வமாக மதிக்கவில்லை, தந்தையைக் கொல்வித்தான். ஆனால் விந்தை பாருங்கள்: அதே காசியப்பன் சிகிரியாவிலே எழுப்பிய பூங்காவின் நீரூற்றுக்கள், துளையிட்ட கற்பலகைகள் வழியாக, நிலக்கீழ்க் குழாய்களின் நீரழுத்தத்தால், மழைக்காலத்திலே இன்றும் மேலெழுகின்றன. தந்தையின் செல்வத்தை மறுத்தவனும் தந்தையின் கலையின்றி வாழ இயலவில்லை.

ஆறில்லா ஊரின் நீர்வழி

இனி எமது குடாநாட்டுக்கு வருவோம். இங்கே மலையில்லை, வற்றாத ஆறில்லை, கலாவெவ போன்ற பெருங்குளம் கட்ட இடமுமில்லை. மாரியிலே ஓடிக் கோடையிலே வரளும் வழுக்கையாறு ஒன்றே எமக்குப் பெயரளவில் ஆறு. இருந்தும் ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக இம்மண்ணில் மக்கள் நெருங்கி வாழ்ந்து வருகின்றனர். இது எவ்வாறு இயன்றது?

விடை எமது காலடியில் உள்ளது. செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். அது வெடிப்பும் குகையும் துவாரமும் நிறைந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. கடல்நீர் பாரமானது, நன்னீர் இலேசானது. ஆகவே உட்புகுந்த நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. புத்தூர்ப் பகுதி நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்கு நல்ல சாட்சி: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். உரோமர் பெரும் பொருள் செலவிட்டு அமைத்த தொட்டியையும் வாய்க்காலையும் இயற்கை எமக்கு நிலத்துள்ளே இலவசமாக அமைத்துத் தந்தது. எம் முன்னோர் செய்ததெல்லாம் அதற்குக் கதவு திறந்ததுதான். அக்கதவே கிணறு.

அது எளிய வேலையன்று. அலவாங்கும் பிக்கானும் கொண்டு பாறையை உடைத்து இறங்கவேண்டும். நீர் கண்டபின் கட்டுக் கட்டவேண்டும். ஆடுகால் நட்டு, அதன்மேல் துலாவைப் பூட்டி, துலாக்கொடியிலே பனையோலைப் பட்டையைக் கட்டவேண்டும். துலாவின்மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துத் தொட்டியிலே கவிழ்க்க, அங்கிருந்து வாய்க்கால் வழியாகத் தோட்டத்துப் பாத்திகளுக்கு நீர் ஓடும். விடியுமுன்னே தொடங்கும் இவ்வேலையைச் செய்த பெரியோர் இன்றும் எம் ஊரில் உள்ளனர். புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் இம்மண்ணில் விளைந்தது அவர் கால் வலிமையினாலேயே. வழிப்போக்கர்க்குச் சுமைதாங்கியும், மாட்டுக்கு ஆவுரஞ்சிக் கல்லும் நீர்த்தொட்டியும், கோயிலுக்குக் கேணியும் அமைத்தல் அறமெனக் கொள்ளப்பட்டது.

ஆயினும் சரித்திரம் எழுதப் புகுந்தோர் புகழை மட்டும் எழுதுதல் நேர்மையாகாது. உரோமரின் கல் வளைவுகளை எழுப்பியோருள்ளும் நீர்வழிகளைக் காத்தோருள்ளும் அடிமைகள் பலர். எமது ஊர்களிலும், கிணறு தோண்டிய கைகளுக்கு அக்கிணற்றில் நீரள்ள உரிமை மறுக்கப்பட்ட காலம் இருந்தது. பட்டை நிறைய நீர் இறைத்துக் கொடுத்தவர், தம் குடத்துக்கு ஒருவர் வந்து ஊற்றும்வரை கிணற்றுக்கு அப்பால் நின்றார். 1957 ஆம் ஆண்டில் சாதியின் பெயரால் பொது இடங்களில் ஒருவரை விலக்குதல் சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. சட்டம் வருமுன் எமது மனச்சாட்சி வந்திருக்கவேண்டும். இறைவன் தந்த மழைக்கு இல்லாத பேதத்தை அம்மழை தங்கிய கிணற்றுக்கு நாம் வைத்தோம்.

கட்டியவரும் காத்தவரும்

இதுவரை கூறியவற்றுள் எமக்குத் தோன்றிய பேருண்மை ஒன்று. நீர்வழியைக் கட்டுதல் பாதி வேலை, காத்தலே மறுபாதி. கி. பி. 97 இல் உரோம் நகரின் நீர் அதிகாரியாகப் புரொண்டைனசு என்பவர் நியமிக்கப்பட்டார். அவர் முன்னர் பிரித்தானியாவை ஆண்ட தேசாதிபதி. அத்தகைய பெரியவர் பதவியேற்றதும் முதலிற் செய்த காரியம், ஒவ்வொரு நீர்வழியையும் நேரிற் பார்த்து அளந்து, கணக்கு எழுதியதாகும். கணக்கிலே குறைந்த நீர் எங்கே போனதென்று தேடினார். கள்ளத் துளைகளும், கள்ளக் குழாய்களும், அளவிற் பெரிய குழாய் வாய்களும் அகப்பட்டன. வீட்டுக்கு நீர் எடுக்கும் வாயில் முத்திரையிட்ட வெண்கலக் குழாயாக இருக்கவேண்டும் என்ற விதி கண்டிப்பாக்கப்பட்டது.

அவர் காலத்துக்கு முன்னரே, கி. மு. 11 இல், ஊற்றுக்களுக்கும் நீர்வழி வளைவுகளுக்கும் இருபுறமும் 15 அடி நிலம் வெறுமையாக விடப்படவேண்டும் என்று உரோம மூதவை தீர்மானித்தது. அவ்விடத்தில் மரம் நடவோ கட்டடம் எழுப்பவோ கூடாது. கி. மு. 9 இல் வந்த சட்டம், நீர்வழியை வேண்டுமென்றே துளைத்துக் கெடுப்பவனுக்கு 1,00,000 நாணயம் தண்டம் விதித்தது. இவற்றைப் பேணுதற்கு 700 தொழிலாளர் நிரந்தரமாக இருந்தனர். கி. பி. 537 இல் கோத்தியர் படை நகரை முற்றுகையிட்டு நீர்வழிகளைத் துண்டித்தது. கல்லைத் திருத்தலாம், திருத்துவதற்குரிய ஆளும் பொருளும் ஒழுங்கும் அழிந்தமையால், பெருநகர் நாளடைவிற் சிற்றூர்போல் ஆயிற்று.

இலங்கையிலும் அதுவே நடந்தது. ஊர்க் குளங்களைத் திருத்துதல் ஊரவர் கடமையாக இருந்தது. 1832 இல் ஆங்கில அரசு இராசகாரிய முறையை ஒழித்தபோது, கட்டாய ஊழியத்தின் கொடுமையோடு குளங்காக்கும் பொதுவேலையும் தளர்ந்தது. 1856 இல் நீர்ப்பாசனச் சட்டம் இயற்றிப் பழைய ஊர் வழக்குகளை மீட்க முயன்றனர்.

யாழ்ப்பாணத்திலோ காவல் உறுதியில் எழுதப்பட்டிருந்தது. எம் வீட்டுப் பழைய காணி உறுதிகளைப் புரட்டிப் பார்ப்போர், நிலத்தின் பரப்போடு கிணற்றிலே இத்தனை பங்கு, நீர் செல்லும் வழிவாய்க்காலில் உரித்து என்று எழுதியிருப்பதைக் காணலாம். பங்காளர் முறைவைத்து இறைத்தனர். எனவே எவரும் அளவுக்கு மிஞ்சி எடுக்க இயலவில்லை. மனிதர் காலால் இறைத்த நீருக்கு மனிதர் களைப்பே எல்லையாக இருந்தது.

எமது தலைமுறையின் கடன்

அந்த எல்லை இன்று இல்லை. துலா போய் எண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பி வந்தது. அதன்பின் மின்பம்பி வந்தது. விசையை அமுக்கினால் நீர் வரும். கடலருகே உள்ள நிலத்தின் நீரைப் பற்றி அறிஞர் கூறும் கணக்கு ஒன்று உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி நன்னீர் நிற்கும். ஆகவே மேலே 1 அடி குறையுமாயின், காலப்போக்கில் கீழே உவர்நீர் 40 அடி உயர்ந்துவிடும். தோட்டத்துக்கு இடும் உரமும், மலசலகூடக் குழிகளின் கழிவும் வெடிப்புள்ள சுண்ணக்கல் வழியாகக் கிணற்றை அடைகின்றன. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. எமது வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்துள்ளதென ஆராய்ச்சியாளர் பலமுறை எடுத்துக் காட்டிவிட்டனர்.

இதனினும் கொடியது ஒன்றை எம் கண்ணாற் கண்டோம். நாம் சிறுவராயிருந்த 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே, சுன்னாகத்திலும் அயற்கிராமங்களிலும் கிணற்றுநீரின்மேல் எண்ணெய் மிதந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணற்றைப் பலகையால் மூடிவிட்டு, பவுசரில் வரும் நீருக்கு வாளியோடு வீதியில் நின்றோம். "கிணற்றை வைத்துக்கொண்டு தண்ணிக்கு வரிசையில் நிற்கிற காலமும் வந்துது" என்று எம் அம்மம்மா சொன்ன சொல் இன்னும் காதில் ஒலிக்கிறது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஆம் ஆண்டில் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் கொள்கையின்படி, மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்புப் பெரிது. ஆயினும் ஒரு கிணறு இழந்த நம்பிக்கையைத் தீர்ப்பு மீட்டுத் தருமா?

நீரைத் தூரத்திலிருந்து கொணரும் எண்ணமும் எம்மவர்க்குப் புதியதன்று. 1954 இல் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீரேரியாக்கி வடமராட்சிக்கு நீர் திருப்பும் 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு நதி' என்னும் திட்டத்தை முன்வைத்தார். 2024 இல் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தருமாறு அது அமைக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் குழாய் நீர் வருகிறதென்று கிணற்றைக் கைவிடுவோமாயின், காசியப்பன் செய்த பிழையையே நாமும் செய்தவராவோம். தந்தையர் காட்டிய செல்வத்தைச் செல்வமென்று அறியாத பிழை அது.

இளைஞராகிய நாம் செய்யக்கூடியவை உண்டு. புரொண்டைனசு முதலிற் செய்தது அளத்தல். எமது சங்கத்து அங்கத்தவர் ஒவ்வொருவரும், மாரி முடிந்த தைமாதத்தில் ஒருமுறையும், கோடை முற்றிய ஆவணியில் ஒருமுறையும், தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறிட்டு அளந்து ஒரு கொப்பியில் எழுதுவோமாக. பத்து ஆண்டில் அக்கொப்பி எவ்வளவு பெரிய சாட்சியாகும்! உரோமர் ஊற்றுக்கு 15 அடி விட்டனர். எமது குறுகிய வளவுகளிலே கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே அந்த 15 அடி தானும் விடப்படாத இடங்கள் உள்ளன. வெடிப்புள்ள சுண்ணக்கல் நிலத்துக்கு அதனினும் எத்தனையோ மடங்கு வேண்டும். வீடு கட்டும் பெரியோர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கோயிற் கேணிகளையும் ஊர்க் குளங்களையும் வழுக்கையாற்றையும் குப்பை போடும் இடமாக்காது, தூர்வாரி வைப்போமாயின், மாரி மழை கடலுக்கு ஓடாது கல்லுக்குள் இறங்கும். இவ்வேலைக்குப் பேரரசன் வேண்டியதில்லை. மண்வெட்டியும் ஒற்றுமையும் போதும்.

பிரான்சு தேசத்து நீர்ப்பாலத்தைப் பார்க்க இன்றும் உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். ஆனால் அதன் உச்சியிலுள்ள வாய்க்காலில் நீர் இல்லை. அது வற்றிப் பல நூற்றாண்டுகள் ஆயின. எமது கிணற்றைப் பார்க்க எவரும் வருவதில்லை. அதன் படம் எந்தச் சரித்திர நூலிலும் இல்லை. ஆனால் அதில் நீர் இருக்கிறது. ஆசிரியர் அன்று எட்டிப் பார்க்கச் சொன்னது இதைத்தான் போலும். அந்நீர் எம் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும்போதும் தெளிந்திருக்குமாறு காத்தல், கட்டிய முன்னோர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடனாகும்.